நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு பாகை

ஆடி மாதம். கச்சான் காற்று மூன்றாம் நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். வீணை இசைத்தட்டின் முதல் பக்கம் பாதி போயிருந்தது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். டர்ன்டேபிளின் தூக்குநெம்பை மேலே தள்ளினேன், கை எழுந்தது, அதைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். ஒலிபெருக்கிகள் இரண்டும் ஒரே நேரத்தில் அலறின. அப்பா முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த தட்டின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. வாசலில் நின்றது மின்சாரப் பட்டியல் கொண்டுவந்தவர். அந்த மாதப் பட்டியல் தொகை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எழுத வரவில்லை.

நெம்பைத் தூக்கியும் ஊசி ஏன் தட்டைத் தொட்டது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. விடை, கையின் உயரம். இந்தக் கட்டுரை முழுவதும் ‘கை’ என்று நான் எழுதுவது டோன்ஆர்மைத்தான். ஊசியையும், அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜையும் நுனியில் தூக்கிக்கொண்டு தட்டின் மேல் நகரும் அந்த உலோகக் குழாயை எங்கள் வீட்டில் எல்லோரும் கை என்றுதான் சொல்வோம். அப்பா அப்படிச் சொன்னார்.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கொழும்பு முழுவதும் ஜப்பான் பெட்டிகள் வந்து குவிந்தன. 1979இல் ஒரு நாள் இரவு ரயிலில் அவர் இந்த டர்ன்டேபிளை மடியில் வைத்துக்கொண்டே திருகோணமலைக்கு வந்தார் என்பது குடும்பக் கதை. மடியில் என்பதை நான் நம்புவதில்லை, அதன் எடை அப்படி. 1990இல் ஊரைவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது உவர்மலை வீட்டில் கதிரைகள் இல்லை, யன்னல் கதவுகள் இல்லை, டர்ன்டேபிள் இருந்தது. அதன் கண்ணாடி மூடி மட்டும் போயிருந்தது. அன்றிலிருந்து அது அம்மாவின் பழைய சேலைத் துண்டின் கீழ் உறங்குகிறது. அந்தச் சேலைத் துண்டின் நூலில் மாட்டித்தான் பழைய ஊசி ஒருநாள் ஒடிந்தது. மாட்டியது நான்.

நான் பாடசாலைப் பற்சிகிச்சையாளர். நாள் முழுவதும் பிள்ளைகளின் வாய்க்குள் சிறு கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது என் தொழில். அரை மில்லிமீற்றர் எனக்குக் கண்ணால் தெரியும். அப்படிப்பட்டவள்தான் புதிய கார்ட்ரிட்ஜைப் பூட்டிவிட்டு, உயரத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், ஓட விட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் அனுப்பியது, ஓடியோ டெக்னிக்காவின் வி.எம். 95 இ. இரண்டு திருகாணி, நான்கு நிறக் கம்பி, ஊசி தட்டை அழுத்தும் ஊசிப்பாரம் 2 கிராம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பல்லுக்குத் தொப்பி போட்டுவிட்டு ‘கடித்துப் பார்’ என்று கேட்காமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியது போலத்தான்.

பாடியது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தாராளமாக வந்தது, வலந்தலையில் விரல் படும் அந்தக் கணீர் என்ற நுனி இல்லை. தம்புரா பின்னால் எங்கோ தூங்கியது. நான் யாரைக் குற்றம் சொல்லவில்லை? உப்புக் காற்றைச் சொன்னேன். அம்ப்ளிஃபையரின் பழைய கொண்டென்சர்களைச் சொன்னேன். ஐம்பதைத் தொடப்போகும் என் காதைச் சொன்னேன். பாவம் மச்சாள், அவள் மலிவான பொருளை அனுப்பிவிட்டாள் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இப்போது இதை வாசிப்பாள். வாசிக்கட்டும்.

கீறல் விழுந்த பிறகுதான் மத்திய வீதிப் பக்கம் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர். பிறகு ரேடியோ திருத்தினார். இப்போது அவர் கடையின் முன்பாதியில் மகன் தொலைபேசி உறைகள் விற்கிறார். பின்பாதியில் இவர் கதிரையில் இருக்கிறார். இலங்கை வானொலி, ரேடியோ சிலோன் என்ற பெயரில் இருந்த காலத்திலேயே அதன் குரல்களைப் பிரித்து அறிந்த காது. கல்யாண வீடுகளில் தட்டு தாவினால் கையின் தலையில் ஒரு இருபத்தைந்து சதக் குத்தியை ஒட்டுவாராம். “தாவாது. தட்டுத்தான் தேய்ந்து போகும். தட்டு என்னுடையது, கல்யாணம் அவர்களுடையது. அந்த நேரத்தில் எது முக்கியம் சொல்லுங்கள் பிள்ளை?” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வரச் சம்மதித்தார், ஓட்டோ நான் பிடித்தேன். வந்தவர் பாட்டைக் கேட்கவே இல்லை. தட்டை நிறுத்தச் சொன்னார். ஊசியைத் தட்டின் மேல் இறக்கி வைக்கச் சொன்னார். மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை.

“கை அண்ணாந்து பார்க்கிறது, பிள்ளை.”

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். தலைப்பக்கம் மேலே, அடிப்பக்கம் கீழே. எத்தனை மாதம் இதன் முன்னால் நின்றிருக்கிறேன்! மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. டர்ன்டேபிளை எல்லோரும் மேலிருந்துதான் பார்க்கிறோம்.

“நீங்களே சரிசெய்து தாருங்கள் ஐயா” என்றேன். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். மெல்ல நடுங்கின. “நீங்கள் பல்லுப் பிடுங்குகிற ஆள். நீங்களே செய்யுங்கள்.”

அன்றிரவு அளந்தேன். பழைய கார்ட்ரிட்ஜை எறியவில்லை, அது ஒரு மருந்துப் புட்டிக்குள் கிடந்தது. பூட்டும் தளத்திலிருந்து ஊசிமுனை வரை 15 மில்லிமீற்றர். புதியது 17.2. இதில் மட்டும் 2.2 மில்லிமீற்றர் கூடுதல். இன்னொன்றும் இருந்தது. தட்டின் கீழ் விரித்த இறப்பர் விரிப்பு நாற்பது ஆண்டு வெயிலில் சுழலும் மேடையோடு ஒட்டி இறுகிவிட்டது. உரிக்கப் பார்த்தபோது பொரிவிளங்காய் போல உதிர்ந்தது, விட்டுவிட்டேன். அதன் மேல் 3 மில்லிமீற்றர் தக்கை விரிப்பு ஒன்றை வெட்டிப் போட்டிருந்தேன். ஆக, ஊசியின் காலடி 3 மில்லிமீற்றர் உயர்ந்தது, ஊசியின் ஆள் 2.2 மில்லிமீற்றர் வளர்ந்தார், கையின் அச்சு மட்டும் 1979இல் நின்ற இடத்திலேயே நின்றது. மொத்தம் 5.2.

இது எத்தனை பாகை? அச்சிலிருந்து ஊசிமுனை வரை என் கையின் நீளம் 230 மில்லிமீற்றர், வழக்கமான ஒன்பது அங்குலக் கை. சாதாரண தரம் படிக்கும் மகனைக் கூப்பிட்டேன். திரிகோணகணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்டுக்கொண்டே இருப்பவன். திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது என்று நான் வழக்கமாகச் சொல்லும் பழைய பகிடியை இம்முறை சொல்லாமல் விட்டேன். 230 மில்லிமீற்றர் நீளமுள்ள கையின் அடியை 4 மில்லிமீற்றர் உயர்த்தினால் கோணம் ஒரு பாகை மாறும். 5.2 என்றால் 1.3 பாகை. மகன் ஏமாந்து போனான். “இவ்வளவுதானா? இதற்கா அம்மா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் ஆர்ப்பாட்டம்தான் அதிகம். நான் வாசித்துத் தெரிந்துகொண்டவரை விஷயம் இதுதான்.

ஸ்டீரியோ தட்டின் வரிப்பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள். இரண்டும் தட்டின் பரப்புக்கு 45 பாகை சாய்ந்தவை, ஒன்றில் இடப்பக்க ஒலி, மற்றதில் வலப்பக்க ஒலி. அலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1931இலேயே காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த யோசனை. கடைகளுக்குத் தட்டாக வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் ஊசி இடம் வலமாக மட்டும் ஆடும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஊசி மேலும் கீழும் ஆடும். தட்டை வெட்டும் இயந்திரத்தின் கத்தி மேலும் கீழும் போகும்போது நேர்க்குத்தாகப் போவதில்லை. அது ஒரு கீலில் தொங்குவதால் சாய்வாக, ஒரு சிறு வில்லின் வழியே போகிறது. நம் ஊசியும் அப்படியே. அதைத் தாங்கும் மெல்லிய தண்டின் கீல் தட்டுக்கு மேலே, கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிறது. வெட்டிய சாய்வும் வாசிக்கும் சாய்வும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் அந்த மேல்கீழ் ஆட்டத்தில் மூலத்தில் இல்லாத ஒலிகள் வந்து கலக்கும். 1960களில் இந்தச் சாய்வுக்கு 15 பாகை என்று ஒரு நியமம் இருந்தது, பின்னர் 20 ஆக்கினார்கள். என் கார்ட்ரிட்ஜுக்கு அதைச் செய்தவர்கள் கொடுக்கும் கோணம் 23. இப்படி மூன்று பாகை ஏற்கெனவே வித்தியாசமாக இருக்கும் உலகத்தில் என் 1.3 பாகை ஒரு பக்கம் சிறியதுதான். ஆனால் தட்டை வெட்டியவர்களின் பிழைக்கு மேல் என் பிழையையும் ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லையே.

இரண்டாவது கோணம் ஒன்றும் உண்டு, ஊசிமுனையே எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது. வெட்டும் கத்தி ஏறக்குறைய நிமிர்ந்து, சற்றே சாய்ந்து நிற்பதால், வாசிக்கும் முனையும் தட்டின் பரப்புக்கு 92 பாகை அளவில் நின்றால் வரிக்குள் பொருந்தும் என்பார்கள். முனை உருண்டையாக இருந்தால் இது பெரிதாகப் பொருட்டல்ல, பந்தைச் சாய்த்தாலும் பந்துதான். என்னுடையதைப் போல நீள்வட்டமாக இருந்தால் கொஞ்சம் பொருட்டு. நான்கு ஒலிவழித் தட்டுகளுக்காக 1970களில் ஜப்பானில் உருவாக்கிய ஷிபாட்டா முனை போன்று மெல்லிய விளிம்புள்ளவை என்றால் நிறையப் பொருட்டு. கையின் உயரத்தை மாற்றினால் இரண்டு கோணங்களும் சேர்ந்தே மாறும். அடி தாழ்ந்தால் ஒலி கனத்து மங்கும். அடி உயர்ந்தால் மெலிந்து கூர்மையாகும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம் ஒரு முழு முட்டாள்தனம். சோதித்துப் பார்க்க அப்பாவின் தட்டுகளில் எனக்கு மிகப் பிடித்த நாதசுவரத் தட்டை எடுத்தேன். நிமிடத்துக்கு 78 சுற்று, அரக்குத் தட்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் அழுத்தியது. மச்சாள் அதற்கென்று தனி ஊசியும் அனுப்பியிருந்தாள், அதே வி.எம். 95 உடலில் செருகலாம். முனை பருமன், பாரம் 5 கிராம். கையை ஒரு மில்லிமீற்றர் உயர்த்திக் கேட்டேன். வித்தியாசம் இல்லை. இரண்டு. இல்லை. நான்கு. அதே தோடி, அதே கரகரப்பு. இரண்டு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. என் காது செத்துவிட்டது என்றே முடிவு செய்தேன்.

செத்தது காதல்ல, புத்தி. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டு ஒற்றை ஒலிவழி. அதில் ஊசி இடம் வலமாக மட்டுமே ஆடுகிறது. மேல்கீழ் ஆட்டத்தில் இசையே இல்லை, தூசியும் இரைச்சலும்தான். மேல்கீழ்ச் சாய்வு பிழைத்தால் கெடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? முனையும் உருண்டை. இல்லாத பல்லில் சொத்தை தேடியிருக்கிறேன். பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, கல்யாண வீட்டில் தான் ஒருநாளும் உயரம் பார்க்காததற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றார். அது எனக்கான ஆறுதலா கேலியா என்பது புரியவில்லை.

சரியான வேலை மூன்றாம் சனிக்கிழமை தொடங்கியது. ஸ்டீரியோ தட்டு, நீள்வட்ட ஊசி, காலை வெளிச்சம். உயரத்தை மாற்றும் வசதி பெட்டிக்குப் பெட்டி வேறு. டெக்னிக்ஸ் 1200 வைத்திருப்பவர்கள் பாக்கியவான்கள், அடியில் உள்ள வளையத்தைத் திருப்பினால் 6 மில்லிமீற்றர் வரை ஏறும் இறங்கும், கோடு கோடாக அளவும் எழுதியிருக்கும். ரேகா கைகளுக்கு அடியில் வளையத் தகடுகள் செருக வேண்டும். என்னுடையது மூன்றாவது இனம். கையின் தூண் ஒரு கழுத்துக்குள் நிற்கிறது. கழுத்தின் பக்கத்தில் தலையில்லாத ஒரு சிறு திருகாணி அதை இறுக்கிப் பிடிக்கிறது. அதைத் தளர்த்தினால் தூண் முழுவதும் தன் பாரத்தில் ‘தொப்’ என்று விழும். எனவே முதலில் ஊசிக்கு உறை. தட்டை எடுத்து அலுமாரிக்குள் வைப்பது. கையைத் தாங்கியில் பூட்டுவது. கீழே விழாமலிருக்கக் கையின் அடித்தளத்துக்கும் கழுத்துக்கும் இடையில் சீட்டுக்கட்டு அட்டைகள். ஓர் அட்டை 0.3 மில்லிமீற்றர் அளவு. பத்து அட்டை 3 மில்லிமீற்றர். இதைவிட மலிவான அளவுகோல் கிடையாது. ஒரு கட்டில் 52 இருக்கிறது, இழப்பும் இல்லை.

எலன் சாவியை வைத்துத் திருப்பினேன். அசையவில்லை. உவர்மலையில் மூன்று பக்கமும் கடல், இங்கே திருகாணிகள் துருப்பிடிப்பதில்லை, கல்யாணம் செய்துகொள்கின்றன. ஒரு துளி தையல்மெசின் எண்ணெய் விட்டு, அது ஊறும் வரை வெளியே போய் நின்றேன். மான் ஒன்று எங்கள் மதில் ஓரத்துச் செம்பரத்தையை அமைதியாகத் தின்றுகொண்டிருந்தது. வேறு நாள் என்றால் துரத்தியிருப்பேன்.

திரும்பி வந்தபோது திருகாணி வழிவிட்டது. தூணை மேலே இழுத்தேன். இத்தனை நாள் கழுத்துக்குள் மறைந்திருந்த பகுதி புது நாணயம் போல மின்னியது, வெளியே நின்ற பகுதி மங்கிக் கறுத்திருந்தது. அந்த மின்னும் பகுதியில் ஒரு சிறு குழி தெரிந்தது. திருகாணி கடித்த தழும்பு. தற்போது அது நின்ற இடத்திலும் ஒரு குழி. இது அதற்கு 4.5 மில்லிமீற்றர் கீழே. அதாவது எப்போதோ ஒரு காலத்தில் இந்தக் கை 4.5 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றிருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். “நீ பிறந்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ. வேறு என்னவோ ஊசி வாங்கிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் முன்னால் முழங்காலில் இருந்தார். நான் கூப்பிடக் கூப்பிடச் சாப்பிட வரவில்லை. பிறகு அது பிடிக்கவில்லை என்று பழையதையே போட்டுவிட்டார்.” அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பதினேழு அட்டைகள் வைத்தேன், 5.1 மில்லிமீற்றர். திருகாணியை மெல்ல இறுக்கி, தட்டை வைத்து, ஊசிப்பாரம் முழுவதுமாக இருக்கும்படி ஊசியை நிற்கும் தட்டின் வரியில் இறக்கினேன். காற்றில் தொங்கவிட்டு அளந்தால் அது பொய், பாரம் விழும்போது தண்டு சற்று வளைந்து கோணம் மாறும். மகனின் கொப்பியிலிருந்து கோடு போட்ட ஒரு தாளைக் கையின் பின்னால் நிறுத்தி, குழாயின் விளிம்பு கோட்டோடு போகிறதா என்று பார்த்தேன். என் கை எஸ் எழுத்துப் போல வளைந்தது, கோட்டோடு ஒப்பிடக் கண் தடுமாறியது. அப்போதுதான் தொழில் கைகொடுத்தது. வாய்க்கண்ணாடியைத் தட்டின் மேல் சாய்த்து, கார்ட்ரிட்ஜின் மேல்தளத்தையும் தட்டின் பரப்பையும் ஒரே பார்வையில் கொண்டுவந்தேன். சமாந்தரம். முப்பது ஆண்டாகக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் பார்த்த கண்ணாடிக்கு இது விடுமுறை.

முதல் பாட்டிலேயே தம்புரா முன்னால் வந்து அமர்ந்தது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஒரு சொல் போதும். தம்புராவின் குதிரையில் தந்திக்குக் கீழே ஒரு நூலை நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள் அல்லவா? நூல் சரியான இடத்துக்கு வரும் வரை தந்தி வெறுமனே ‘டொய்ங்’ என்று சொல்லும். ஒரு மயிரிழை நகர்த்தியதும் ஒலி விரிந்து ரீங்காரமிடும். அதுபோலத்தான் இருந்தது. அதுபோல என்றுதான் சொல்கிறேன், அதே அளவு என்று சொல்லவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். மனித மனம் நிறுத்துமா? இருபது அட்டை வைத்தேன். இன்னும் பிரகாசமாக இருந்தது போலத் தோன்றியது. இருபத்திரண்டில் பாடகியின் ‘ச’ எல்லாம் சீறத் தொடங்கின. இருபத்தேழில் ஒலியே இல்லை. ஊசி போய்விட்டது என்று ஒரு கணம் நெஞ்சு நின்றது. போகவில்லை. கையைத் தாங்கி உயர்த்தும் தூக்குநெம்பின் மேடையும் தூணோடு சேர்ந்து உயர்ந்துவிட்டது. நெம்பை இறக்கிய பிறகும் அந்த மேடை கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஊசி தட்டுக்கு மேலே அந்தரத்தில், கோணேசர் மலை விளிம்பில் நின்று கடலைப் பார்ப்பவர்கள் போல.

என் கீறலுக்கு விளக்கமும் அங்கேயே கிடைத்தது. இதன் மறுபக்கம்தான் அது. கார்ட்ரிட்ஜும் விரிப்பும் சேர்ந்து தலைப்பக்கத்தை 5.2 மில்லிமீற்றர் உயர்த்தியிருந்தன. தூக்குமேடையோ பழைய உயரத்திலேயே நின்றது. முன்பு நெம்பைத் தூக்கினால் ஊசி தட்டிலிருந்து ஐந்தாறு மில்லிமீற்றர் எழும். புதிய கார்ட்ரிட்ஜுக்குப் பிறகு ஒரு மில்லிமீற்றர்கூட எழவில்லை. வீணைத் தட்டு வெயிலில் சற்று வளைந்தது. வளைவு மேடான இடம் சுற்றி வந்தபோது ஊசி தொட்டது. புதிய கார்ட்ரிட்ஜ் பூட்டுபவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். நெம்பைத் தூக்கி, பக்கவாட்டில் குனிந்து, ஊசிக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறகு கீழே இறங்கி வந்தேன். பதினெட்டு, பதினேழு, பதினாறு. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் எனக்கு வித்தியாசம் கேட்கிறதா? மகனை அட்டை மாற்றச் சொல்லி, எண்ணைச் சொல்லாமல் இருக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டேன். ஒன்பது முறை. ஐந்து சரி, நான்கு பிழை. நாணயத்தைச் சுண்டியிருந்தால் தேத்தண்ணீராவது நேரத்துக்குக் குடித்திருக்கலாம். இரண்டு அட்டை 0.6 மில்லிமீற்றர், அது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கனத்த தட்டுக்கும் மெல்லிய தட்டுக்கும் இடையிலான தடிப்பு வித்தியாசமே ஒரு மில்லிமீற்றருக்குள்தான். ஒவ்வொரு தட்டுக்கும் உயரத்தை மாற்றி, அதைத் தட்டின் உறையில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் காதை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களுடைய சனிக்கிழமைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 92 பாகையைப் படமெடுத்துப் பார்க்கிறேன் என்று தொலைபேசியை வைத்து நானும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். தொலைபேசி அரைச் சென்ரிமீற்றர் நகர்ந்தால் படத்தில் கோணம் இரண்டு பாகை நகர்கிறது. அந்தப் படங்களை அழித்துவிட்டேன்.

பதினேழு என்று முடிவு செய்தேன். திருகாணியைக் கடைசியாக இறுக்கும்போதுதான் தொல்லை. அதன் முனை பழைய குழியின் விளிம்பில் விழுந்தது. இறுக்க இறுக்கச் சறுக்கிக் குழிக்குள் இறங்கியது, தூணும் கூடவே அரை மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியது. மீண்டும் தூக்கினேன், மீண்டும் இறங்கியது. தூணைச் சற்றுத் திருப்பிக் குழியை விலக்கலாம் என்றால் தூக்குமேடை கோணலாகிறது. நான்காம் முறை எலன் சாவியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். பதினேழு அட்டைக்கும் அப்பாவின் குழிக்கும் வித்தியாசம் 0.6 மில்லிமீற்றர். நான் ஒன்பதில் நான்கு முறை பிழையாகச் சொன்ன அதே 0.6. குழிக்குள்ளேயே இறுக்கினேன்.

அதன் பிறகு செய்ய வேண்டிய மிச்சம் கொஞ்சம் இருந்தது. உயரம் மாறினால் ஊசிப்பாரமும் சற்று மாறும். சிறு தராசில் 1.9 காட்டியது, பின்பாரத்தைத் திருப்பி 2 ஆக்கினேன். ஊசி தட்டின் நடு முளையைத் தாண்டி நீளும் அளவையும் காகித அளவுகோலில் பார்த்தேன், நகரவில்லை. சுழலும் மேடையின் மட்டத்தை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மேசை கடற்பக்கமாகச் சரிந்திருந்தது, ஒரு காலின் கீழ் எஞ்சிய அட்டைகளில் நான்கு போயின. இனி அந்தக் கட்டில் முந்நூற்று நான்கு விளையாட முடியாது.

பெரியவரை மறுபடி அழைத்து வந்தேன். எதைக் கேட்கிறீர்கள் என்றதற்கு, “கீறின தட்டைப் போடுங்கள்” என்றார். வேண்டாம் ஐயா என்றேன். போடுங்கள் என்றார். வீணை தொடங்கியது. அம்மாவும் சமையலறைக் கதவில் வந்து நின்றார். கீறலுக்கு வந்தபோது ‘டக்’ என்றது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி, அடுத்த ‘டக்’. பெரியவர் நடுங்கும் விரலால் தொடையில் அதையே தாளமாகப் போடத் தொடங்கினார். பதினொரு முறை கேட்டது. பன்னிரண்டாவதற்கும் விரலை உயர்த்தினார். அது வரவில்லை, வீணை தன்பாட்டில் மேலே போனது. உயர்த்திய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்.